லாமெர்சியின் கையெழுத்து

லாமெர்சி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறாவது வயதில். அதற்கு முன்பும் அவளை விவரம் தெரியாதவள் என்று மலையில் யாரும் சொன்னதில்லை. கழுதைமேல் எவ்வளவு சுமை ஏற்றினால் இறக்கத்தில் அது முரண்டு பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். கசப்பு மரவள்ளியை எத்தனை முறை பிழிந்தால் விஷம் போகும் என்று தெரியும். எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போன இடத்தில் புருஷன் செத்துப்போன பிறகு மூன்று பெண்களை வளர்த்து ஆளாக்கியவள். மோர்ன் வேர் என்ற அந்த மலை ஊரின் பெண்கள் சங்கத்தில் இருபத்திரண்டு பேர். தலைவி யார் என்று கேட்டபோது எல்லாக் கையும் அவள் பக்கம்தான் நீண்டது.

அந்தச் சங்கத்துக்கு மரவள்ளி ரொட்டி சுடும் பயிற்சி கொடுக்க ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். துருவும் மிஷின் ஒன்று, பிழிகிற அச்சு ஒன்று, ஆள் படுத்துக்கொள்கிற அகலத்தில் இரண்டு இரும்புக்கல். எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் எழுத்து வகுப்புக்கும் வந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

"ரொட்டி சுடறதுக்கு எதுக்குடி எழுத்து? கல்லு என்னா படிச்சுப் பாத்துட்டா சூடாவுது?" என்று கேட்டாள் க்ளெர்மிஸ். அவள் லாமெர்சியின் பக்கத்து வீட்டுக்காரி. நாக்கில் முள் உள்ளவள். பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு நாள்கூட வகுப்புப் பக்கம் தலைகாட்டவில்லை.

லாமெர்சிக்கும் முதலில் எரிச்சல்தான். திங்கள், புதன், வெள்ளி, மாலை நான்கு மணிக்கு, சர்ச்சின் தகரக் கூரைக்குக் கீழே வகுப்பு. வெயில் காய்ச்சி எடுக்கும். மண்வெட்டி பிடித்த விரலுக்குள் சாக்பீஸ் நிற்காது; அழுத்தினால் உடையும், அழுத்தாவிட்டால் எழுத்து விழாது. இரண்டு மாதம் பலகையில் இருப்பதெல்லாம் பாசி படிந்தது போல இருந்தது. புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து ராத்திரி தூங்காமல் கிடந்தாள். பிறகுதான் தெரிந்தது, கோளாறு கண்ணில் என்று. சந்தையில் பழைய துணிக் குவியலுக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிகளைக் கொட்டி விற்கிறவனிடம் உட்கார்ந்து ஆறு கண்ணாடி போட்டுப் பார்த்தாள். ஏழாவதில் எழுத்து எழுந்து நின்றது.

சொல்லிக்கொடுத்தவர் எனோல். காலையில் தையல்காரர், மாலையில் வாத்தியார். நாற்பது வயது. குரல் உயர்த்தாத மனிதர். மலையில் எல்லாரும் பேசுகிற கிரியோலில், ஒரு சத்தத்துக்கு ஓர் எழுத்து என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் சுவரில் ஒட்டிய அட்டையில் சில எழுத்துகள் கிடையாது. எலி வால் மாதிரி ஒன்று தொங்குமே, அது கிடையாது. குறுக்கே இரண்டு குச்சி போட்டது கிடையாது. பிறை மாதிரி வளைந்தது தனியாக வராது.

"அதெல்லாம் நம்ம எழுத்து இல்லக்கா. நமக்கு வேண்டாம்," என்பார்.

ஒன்றரை வருஷத்தில் லாமெர்சி படித்தாள். அதற்குப் பிறகு முதல் தடவை பட்டணத்துக்கு வண்டியேறிப் போனபோது, எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் எழுதியிருந்ததை உரக்க வாசித்துக்கொண்டே போனாள். "கடவுள் பாத்துப்பார்", "பொறாமைக்காரனே, வழி விடு", "அம்மாவுக்கு நன்றி". பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த கிழவர், "தாயே, கொஞ்சம் வாய மூடிட்டு வாயேன், எனக்குத் தல சுத்துது," என்றார். அவள் மூடவில்லை.

படிப்பு முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். தடித்த காகிதம், ஓரத்தில் பூவேலை. லாமெர்சி வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பெயரைத் தவிர ஒன்றும் புரியவில்லை. எல்லாம் பிரெஞ்சு, ஆபீசுக் காகிதங்களின் பாஷை. மறுநாள் எனோலிடம் போனாள்.

"இதுல என்னா போட்டிருக்கு?"

"நீங்க பாஸாயிட்டீங்கன்னு போட்டிருக்குக்கா."

"பாஸுன்னு எந்த வார்த்த?"

எனோல் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். லாமெர்சி அந்த இடத்தை மனசில் வைத்துக்கொண்டாள்.

ரொட்டிக் கொட்டகை நின்ற இடம் சங்கத்துடையது அல்ல. கெஸ்னேரின் அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்தது. பெண்களே கல் சுமந்து, சுவர் எழுப்பி, அடுப்பு கட்டினார்கள். கிழவர் போனதும் நிலம் மகனுக்கு வந்தது. கெஸ்னேர் பட்டணத்தில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவன். சான்றிதழ் வாங்கின மாதமே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அக்கா, எங்கப்பா குடுத்த எடம். அவரு இருந்தவரைக்கும் சரி. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தம்பிங்க வந்து மல்லுக்கு நிப்பானுங்க. ஒரு பேப்பர்ல போட்டுட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவன் சொன்னதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. காகிதம் நல்லது என்றுதானே வகுப்பிலும் சொன்னார்கள்.

பட்டணத்தில் பத்திரம் எழுதுகிற நோட்டரி ஆபீசுக்கு அவளைக் கூட்டிப் போனான். அங்கே லாமெர்சி ஏற்கெனவே ஒருமுறை போயிருந்தாள். புருஷன் செத்த வருஷம், வீட்டு மனையைத் தன் பெயருக்கு மாற்ற. அன்று அவளுக்குக் கைநாட்டுதான். கைநாட்டு என்பதால் குமாஸ்தா முழுக் காகிதத்தையும் உரக்கப் படித்து, வரிக்கு வரி கிரியோலில் அர்த்தம் சொல்லி, இரண்டு சாட்சிகளை உட்காரவைத்து, அரை நாள் ஆக்கினான். அவன் பெருமூச்சு விட்டதும், கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியதும் அவளுக்குப் பல வருஷம் ஆறவில்லை.

இந்த முறை அதே குமாஸ்தா கேட்டான்: "மதாமுக்குக் கையெழுத்தா, கைநாட்டா?"

"கையெழுத்து."

"படிக்க வருமா?"

"வரும்," என்றாள் லாமெர்சி.

"நல்லதாப் போச்சு. அப்ப சாட்சி வேண்டாம், படிச்சுக் காட்டவும் வேண்டாம். நீங்களே பாத்துட்டுப் போடுங்க."

மூன்று பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். எழுத்துகள் தெரிந்தன. கூட்டினால் சத்தம் வந்தது. சத்தத்துக்கு அர்த்தம் வரவில்லை. நடுநடுவே வால் எழுத்து, குறுக்குக் குச்சி எழுத்து. இவற்றுக்குச் சத்தம்கூடத் தெரியாது. ஊரின் பெயர் ஓர் இடத்தில் இருந்தது. இருபத்திரண்டு என்ற எண் இருந்தது. அவள் பெயர் இருந்தது, அதிலும் நடுவில் பிறை எழுத்தைப் போட்டிருந்தார்கள்.

"எனக்குப் புரியல" என்று சொல்ல வேண்டியதுதான். ஒரு நொடி வேலை. ஆனால் "வரும்" என்று சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குமாஸ்தா பேனாவின் பின்பக்கத்தால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வரிசையில் ஐந்து பேர். லாமெர்சி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள், மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள், தலையை ஆட்டினாள், எனோல் சொல்லிக்கொடுத்தபடி எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"அழகாப் போடுறீங்க அக்கா," என்றான் கெஸ்னேர்.

வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அதிகம் குமைந்தாள்.

அடுத்த வருஷம் நவம்பரில் கெஸ்னேர் இரண்டு கொத்தனார்களோடும் அளவுக் கயிற்றோடும் வந்தான். கொட்டகையில் அன்று ரொட்டி நாள். கல்லின் மேல் மாவு பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

"என்னா தம்பி இது?" என்றாள் லாமெர்சி.

"கெடங்கு கட்டப்போறேன் அக்கா. வருஷம் முடிஞ்சுதே."

"எந்த வருஷம்?"

"பேப்பர்ல இருக்கே. ஒரு வருஷம்னு. நீங்கதானே படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவன் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே அவள் படித்துப் புரிந்துகொண்டுதான் போட்டாள் என்று நம்புகிறானா, நம்புகிற மாதிரி நடிக்கிறானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கையில் மாவோடு வீட்டுக்கு ஓடி, காகிதத்தை எடுத்துக்கொண்டு எனோலின் தையல் மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள். அவர் ஒரு பள்ளிச் சீருடையை ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"படிங்க வாத்தியாரே."

எனோல் படித்தார். முதல் பக்கத்தையே வெகுநேரம் படித்தார். பிறகு மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "பாதி புரியுதுக்கா. பாதி புரியல," என்றார்.

"என்னாது?"

"நான் ஒம்பதாவது பெயிலுக்கா. பிரெஞ்சு எனக்கும் நாலு வார்த்ததான் வரும். கிரியோல் எழுத்து சொல்லிக்குடுக்க அது போதும்னு சொல்லித்தான் என்னைய எடுத்தாங்க."

"அப்ப அன்னிக்கு, பாஸுன்னு எங்க போட்டிருக்குன்னு கேட்டப்ப?"

"ஏதோ ஒரு எடத்தக் காட்டினேன்."

அவரை அடித்துவிடலாம் போல வந்தது லாமெர்சிக்கு. ஆனால் வகுப்பு நடந்த கடைசி எட்டு மாதம் அவருக்குச் சம்பளம் வரவில்லை என்பதும், அப்படியும் ஒரு வகுப்புக்கூட விடாமல் வந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். திட்டக்கூட ஆள் இல்லாமல் போனது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் காகிதத்தைப் படித்துச் சொன்னது மருந்தகத்து நர்ஸ். இடம் ஒரு வருஷத்துக்கு மட்டும், உரிமையாளரின் தயவில். வருஷம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். தரையோடு பொருத்திய எதுவும் நிலத்தோடு சேரும். அதாவது சுவர், கூரை, அடுப்பு, அடுப்பின் மேல் சாந்து வைத்துப் பதித்த இரண்டு இரும்புக்கல்லும்.

"இதப் படிக்காமயா போட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"படிச்சேன்," என்றாள் லாமெர்சி. வேறென்ன சொல்ல முடியும்.

சங்கம் கூடியது. யாரும் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "இவ கைநாட்டாவே இருந்திருந்தா அந்தக் குமாஸ்தா படிச்சுக் காட்டியிருப்பான்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லார் காதிலும் விழுந்தது.

க்ளெர்மிஸ் தொடையில் தட்டிக்கொண்டு, "நல்லவேள நான் படிக்கப் போகல," என்றாள். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

லாமெர்சி எழுந்தாள். "சிரிங்கடி. நல்லாச் சிரிங்க. ஒன்றர வருஷம் வெயில்ல வெந்து கத்துக்கிட்டேன். நான் கத்துக்கிட்டது தப்புன்னா, கத்துக்குடுத்தவன் தப்புன்னா, பேப்பர் எழுதினவன் மட்டும் சரியா? எனக்குத் தெரியாத பாஷையில எழுதிட்டு, படிச்சியான்னு என்னையே கேக்குறான். நீங்களும் அதையேதான் கேக்குறீங்க."

அவள் தலைவிப் பதவியை விடுவதாகச் சொன்னாள். "இந்தக் குப்பைய அள்ளிப் போட்டுட்டுப் போடி, நடுவுல ஓடாத," என்று ஒரு பெரியவள் அதட்டினாள். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த வாரமே நிறுவனத்தின் மேற்பார்வையாளரம்மா வண்டியில் வந்தாள். அடுத்த நிலைக்கான புத்தகக் கட்டு கொண்டுவந்திருந்தாள். லாமெர்சி ஒன்றைப் பிரித்தாள். முதல் பாடம், சாப்பிடும் முன் கை கழுவுவது. முந்தின புத்தகத்திலும் அதுதான் இருந்தது. இதில் எழுத்து கொஞ்சம் சின்னது.

"மதாம், எங்களுக்குக் கை கழுவத் தெரியும். நோட்டரி பேப்பர் படிக்கச் சொல்லிக்குடுங்க."

"திட்டத்துல பிரெஞ்சு இல்லம்மா. தாய்மொழியில கத்துக்கறது உங்க உரிமை. அதுக்காக நாங்க எவ்வளவு போராடினோம் தெரியுமா?"

"உரிமதான் மதாம், இல்லேங்கல. அப்ப பேப்பரையும் என் தாய்மொழியில அனுப்பச் சொல்லுங்க."

"அது எங்க கையில இல்லையே."

"யாரு கையில இருக்குன்னு சொல்லுங்க. அங்க போறேன்."

அந்த அம்மா நல்லவள்தான். முகம் வாடிப்போயிற்று. அறிக்கையில் எழுதுகிறேன் என்றாள். அறிக்கை எந்த மொழியில் என்று கேட்க லாமெர்சிக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

சங்கம் இடத்தைக் காலி செய்ய மறுத்தது, வழக்கு நீதிபதியிடம் போனது. சங்கத்துக்கு வக்கீல் இல்லை. லாமெர்சி ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் நடந்து போனாள். எனோல் தையலை விட்டுவிட்டுக் கூட வந்தார். வர வேண்டாம் என்றும் வந்தார்.

நீதிபதி காகிதத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துத்தானே?"

லாமெர்சி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "இல்லங்க. பேப்பர்ல அச்சடிச்ச பேர்ல வளைஞ்ச எழுத்து இருக்கு. கீழ நான் எழுதின பேர்ல அது இல்ல, வேற எழுத்து இருக்கு. என் அடையாளச் சீட்டுலயும் வளைஞ்சதுதான் இருக்கு. அதனால அச்சடிச்ச பேரு வேற ஆளு, கீழ எழுதினது வேற ஆளு."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற காவலாளிகூட. நீதிபதியும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மதாம், உங்க பேர உங்களுக்கே தப்பா எழுதக் கத்துக்குடுத்திருக்காங்க."

"தப்பு இல்லங்க," என்றார் எனோல் பின்னாலிருந்து. அவர் குரல் உயர்ந்து அன்றுதான் லாமெர்சி கேட்டாள். "கிரியோல்ல அதான் சரி. கிரியோலும் அரசாங்க பாஷதான். அரசியல் சட்டத்துல இருக்கு."

"இருக்கு," என்றார் நீதிபதி. சிரிப்பு நின்றிருந்தது. "எனக்கும் தெரியும். நான் இப்ப உங்ககிட்ட கிரியோல்லதான் பேசுறேன். ஆனா தீர்ப்ப எழுதணும்னா எனக்குப் பிரெஞ்சுலதான் எழுத வரும். கிரியோல்ல எழுதி எனக்குப் பழக்கமே இல்ல."

அவர் இதை ஒளிக்காமல் சொன்னது லாமெர்சியை ஏதோ செய்தது. கோபம் குறையவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியாமல் போனது.

தீர்ப்பு இரண்டும் கெட்டானாக வந்தது. காகிதம் செல்லும். ஆனால் மரவள்ளி அறுவடை முடிகிறவரை நான்கு மாதம் அவகாசம். இரும்புக்கல் இரண்டையும் பெயர்த்துக்கொண்டு போகலாம். சுவரும் கூரையும் கெஸ்னேருக்கு. கெஸ்னேர் வாசலில், "கோவம் வேண்டாம் அக்கா," என்று கை நீட்டினான். லாமெர்சி அந்தக் கையைப் பார்த்தாள், தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

நான்கு மாதம் கழித்துக் கல்லைப் பெயர்த்தார்கள். இரண்டில் ஒன்று விரிசல் விட்டது. எட்டுப் பெண்கள் மற்றதைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது, எங்கே இறக்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. க்ளெர்மிஸ் வேலிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"இங்கியே வையிங்கடி. அந்த மாமரத்துக்கு அந்தாண்ட சும்மாதான் கெடக்கு."

லாமெர்சி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "நீ ஏன் குடுக்கற?"

"ஏன்னா நீங்க கல்லத் தூக்கிட்டு மலையெல்லாம் சுத்துறதப் பாக்க எனக்கு இடுப்பு வலிக்குது. ஆனா ஒண்ணுடி, பேப்பர் போட்டுரணும். நான் செத்தா என் பையன் இந்தக் கெஸ்னேருக்கு அண்ணனா நிப்பான். நீயே எழுது. நம்ம பாஷையில எழுது. எழுதி எல்லாருக்கும் முன்னால சத்தமாப் படி."

எழுத மூன்று மத்தியானம் ஆயிற்று. மரம் எங்கே, வேலி எங்கே, எத்தனை வருஷம், சங்கம் கலைந்தால் என்ன, சண்டை வந்தால் யார் பேசுவது. ஒவ்வொரு வரிக்கும் தகராறு நடந்தது. "பக்கத்தில்" என்றால் எத்தனை அடி என்று க்ளெர்மிஸ் கேட்டபோது லாமெர்சி அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். எனோல் பிழை பார்த்தார். படித்தபோது எல்லாருக்கும் புரிந்தது. பதினான்கு பேர் கையெழுத்து, எட்டுப் பேர் கைநாட்டு.

அதை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் பதிவு ஆபீசுக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஆள் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினான்.

"பிரெஞ்சுல மாத்திக் கொண்டாங்க மதாம்."

"இது உனக்குப் புரியுதா இல்லியா?"

"புரியுது."

"எல்லாமுமா?"

"எல்லாமும் புரியுது. ஆனா பதிவு பண்ண முடியாது."

"புரியாத பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டப்போ அது செல்லுபடியாச்சு. புரியற பேப்பர் செல்லாதா?"

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். லாமெர்சி பெஞ்சில் உட்கார்ந்தாள். பகல் இரண்டு மணிக்கு ஜன்னலை மூடினான். அவள் மலையேறி வீட்டுக்கு வந்து, மறுவாரம் மறுபடி இறங்கினாள். அதற்கடுத்த வாரமும் போனாள். அந்த ஆள் அவளைக் கண்டதும் கையால் முகத்தை மூடிக்கொள்ளும் அளவுக்கு ஆயிற்று. நான்காவது தடவை அவன் காகிதத்தை வாங்கி, மூலையில் ஒரு முத்திரையைக் குத்தித் தள்ளினான்.

"பதிஞ்சாச்சா?"

"இல்ல. 'பெற்றுக்கொள்ளப்பட்டது'. அவ்வளவுதான். என்னால முடிஞ்சது அதான் மதாம்."

"இந்த முத்திரையில எந்த வார்த்த அது?"

காட்டினான். லாமெர்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பிரெஞ்சு வார்த்தையை வாய்க்குள் கூட்டிப் பார்த்தாள். "சரியாத்தானே காட்டுற?" என்று கேட்டாள். சரியாகத்தான் என்றான். ஒருதரம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். அவனும் சொன்னான்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு ஏறினாள். பாதி மலையில் நின்று அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதற்கு வாயில் கொஞ்சம் இனிப்பு இருந்தது. நாலு வாரம் நடந்து ஒற்றை வார்த்தைக்காக இனிக்கிற தன் நாக்கை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமரத்துக்கு அந்தாண்டை புது அடுப்புக்குக் குழைத்து வைத்த மண்ணை யாராவது மழையில் நனையாமல் மூடினார்களோ இல்லையோ என்று அடுத்த கவலை வந்தது. நடையை எட்டிப் போட்டாள்.